பிறக்குமுன்னே இட்ட சோறு

(எங்கள் மருத்துவமனையைத் தாங்கும் சபையாரின் ஆண்டுக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)

வெயிலையும் தூரத்தையும் பாராமல் போடிநாயக்கனூர் வரை வந்திருக்கிறீர்கள். உங்கள் ஜெபமும் காணிக்கையும் இல்லாவிட்டால் இங்கே ஒரு விளக்குகூட எரியாது. அதை நாங்கள் மறப்பதில்லை.

வழக்கமாக இந்தக் கூடுகையில் கட்ட வேண்டிய வார்டைப் பற்றியோ வாங்க வேண்டிய இயந்திரத்தைப் பற்றியோ உங்களிடம் பேசுவோம். இந்த ஆண்டு சோற்றைப் பற்றிப் பேச அனுமதி தாருங்கள். அதுவும் ஒருவர் பிறப்பதற்கு முன்பே அவருக்காக இடப்படுகிற சோற்றைப் பற்றி.

ஒரு சகோதரியிடமிருந்து தொடங்குகிறோம். போடியிலிருந்து ஏலமலைக்குக் கூலிக்குப் போகிறவர். நாற்பது வயதுதான் இருக்கும். ஒல்லியான உடம்பு. காலில் ஆறாத புண்ணோடு வந்து சேர்ந்தார். இரத்தத்தைச் சோதித்தபோது சர்க்கரை மிக அதிகம் என்று டாக்டர் சொன்னார். மாலையில் வார்டைச் சுற்றி வந்து அவருக்காக ஜெபித்து முடித்தோம். அவர் எங்கள் முகத்தைப் பார்த்து இப்படிக் கேட்டார்:

"அய்யா, சீனி வியாதி வசதியானவுகளுக்கு வர்ற வியாதின்னு சொல்லுவாக. நான் ஒரு நாளாவது வயிறு நெறயத் தின்னுருப்பேனா? என்னத்தத் தின்னுட்டேன்னு எனக்கு இது வந்துச்சு?"

நாங்கள் அன்று சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. நாவை அடக்க வேண்டும் அம்மா, இச்சையடக்கம் ஆவியின் கனிகளில் ஒன்று என்று சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பசித்தே வளர்ந்த ஒருவரிடம் போய்ப் பெருந்தீனியைப் பற்றிப் பிரசங்கம் செய்திருக்கிறோம். வேத பாடம் படித்த எங்களுக்கு அந்தக் கேள்வியின் பதில் தெரியவில்லை. மருத்துவர்களிடம் கேட்டும் அவர்கள் தந்தவற்றை வாசித்தும் கற்றுக்கொண்டதைத்தான் இப்போது உங்கள் முன் வைக்கிறோம்.

உங்களில் ஏல வியாபாரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். காயைச் சல்லடையில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். எட்டு மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, அதற்குக் கீழே இறங்க இறங்க வேறு விலை. காய் ஏன் சிறுத்தது என்று சல்லடைக்குத் தெரியாது. தோட்டக்காரருக்குத் தெரியும். கோடையில் தண்ணீர் காணாமல் செடி வாடியிருக்கும். காய்ப்பு பின்னால் வந்தாலும் அதன் கணக்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. மனிதப் பிள்ளைக்கும் அப்படி ஒரு முன்கணக்கு உண்டு என்பதை நம்மைப் போன்ற ஒரு மிஷன் மருத்துவமனையின் பழைய பதிவேடுகள்தான் இந்திய மருத்துவ உலகுக்குக் காட்டின.

மைசூரில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷனரிகள் தொடங்கியது; பின்பு தென்னிந்தியத் திருச்சபையின் ஊழியமானது. அங்கே 1934 முதல் பிரசவ வார்டில் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவற்றை நர்சுகளும் மருத்துவச்சிகளும் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். தாயின் எடையையும் எழுதினார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் பாராட்டவும் இல்லை. வேலை என்று ஒப்படைக்கப்பட்டதை உண்மையாய்ச் செய்தார்கள்.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து அந்தப் பதிவேடுகளுக்கு வேலை வந்தது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த டாக்டர் டேவிட் பார்க்கர், தம் நாட்டில் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் என்ற பகுதியில் 1911 முதல் எழுதப்பட்ட குழந்தைப் பதிவேடுகளை வைத்து ஒரு விஷயத்தை 1989-ல் வெளியிட்டிருந்தார். சிறிய எடையோடு பிறந்து, முதல் வயதிலும் எடை குறைவாக இருந்தவர்கள் பிற்காலத்தில் மாரடைப்பால் அதிகமாக இறந்தார்கள் என்பதே அது. இந்தியாவிலும் அப்படித்தானா என்று பார்க்க டாக்டர் கரோலின் ஃபால் முதலானோர் மைசூர் மருத்துவமனையாரோடு சேர்ந்து, 1934 முதல் 1954 வரை அங்கே பிறந்து அந்த ஊரிலேயே வாழ்ந்துவந்தவர்களில் 517 பேரைத் தேடிக் கண்டுபிடித்துச் சோதித்தார்கள்.

1996-ல் வெளிவந்த முடிவு இது. இரண்டரைக் கிலோ அல்லது அதற்கும் குறைவாகப் பிறந்தவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு இருதய நாள நோய் இருந்தது. 3.1 கிலோவுக்கு மேல் பிறந்தவர்களில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான் இருந்தது. பிள்ளையும் சிறுத்து, கர்ப்பகாலத்தில் தாயும் மெலிந்திருந்த குடும்பங்களில் அது நூற்றுக்கு 20 வரை போனது. தாயின் தட்டு ஒழிந்திருந்ததை நாற்பது ஐம்பது ஆண்டு கழித்துப் பிள்ளையின் இருதயம் சொல்லியிருக்கிறது.

இது எப்படி நடக்கிறது? எங்களுக்கு டாக்டர்கள் விளக்கியதை எளிய முறையில் சொல்லுகிறோம். வீட்டில் அரிசி குறைந்தால் தாய் என்ன செய்வாள்? சின்னப் பிள்ளைக்கு முதலில் போட்டுவிட்டு மற்றவர்களுக்குக் குறைப்பாள். கருவில் இருக்கும் பிள்ளையின் உடம்பும் அப்படியே செய்கிறது. வருகிற சத்து போதாவிட்டால் மூளைக்கு முதல் பங்கு வைத்துவிட்டு, மற்ற உறுப்புகளுக்குக் குறைத்துவிடுகிறது. இன்சுலினைச் சுரக்கிற கணையம் சிறிதாக அமைகிறது. இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கிற தசை குறைவாக உண்டாகிறது. சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டுகிற நுண்ணிய வடிகட்டிகள் எண்ணிக்கையில் குறைகின்றன. நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அவை பிறகு புதிதாக உண்டாவதில்லை. இப்படிச் சிக்கனமாய்க் கட்டப்பட்ட உடம்பு, சிக்கனமான உணவோடு பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். பின்னாளில் அதன்மேல் வெள்ளைச் சோற்றையும் சீனியையும் ஏற்றும்போதுதான் தாங்காமல் போகிறது.

ஏழைகள் வாழ்வில் பல குறைகள் உண்டு, எல்லாவற்றையும் சோற்றின்மேல் போடலாமா என்று ஒரு சகோதரர் எங்களிடம் கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு ஹாலந்து தேசத்தில் நடந்ததைச் சொல்லலாம். 1944-45 குளிர்காலத்தில், இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசியில், அங்கே பெரும் பஞ்சம் வந்தது. ஏழை, வசதி உள்ளவர் என்ற வித்தியாசமின்றி எல்லோருமே சில மாதங்கள் பட்டினி கிடந்தார்கள். பிறகு நாடு செழித்துவிட்டது. ஆனாலும் அந்தச் சில மாதங்களில் கருவில் இருந்தவர்களை ஐம்பது வயதில் சோதித்தபோது, அதற்கு முன்னும் பின்னும் உருவானவர்களைவிட அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளத் திணறியது தெரிந்தது. 1998-ல் இது வெளியானது.

இப்போது நம் நாட்டுக்குத் திரும்புவோம். புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக் 1993-ல் தொடங்கி, அந்நகரைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளையும் அவர்கள் பிள்ளைகளையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. இதில் வியப்பு என்னவென்றால், நம் குழந்தைகளுக்குத் தசையும் வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளும் குறைந்திருந்தன. தோலுக்கடியில் உள்ள கொழுப்போ அவ்வளவாகக் குறையவில்லை. பார்க்க மெலிந்த பிள்ளை, உள்ளே கொழுப்பு கூடிய பிள்ளை. ஒல்லியான ஒரு சகோதரிக்குச் சர்க்கரை நோய் எப்படி வந்தது என்ற கேள்விக்கு எங்களுக்கு முதல் வெளிச்சம் இங்கேதான் கிடைத்தது. அவர் எத்தனை கிலோ எடையோடு பிறந்தார் என்பது யாருக்கும் தெரியாது. மலையில் ஒரு லயத்தில் பிறந்தவர்; எழுதி வைக்க யாரும் இல்லை. ஆகவே அவருக்கு இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்லமாட்டோம். வம்சவழி உண்டு, வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நாவடக்கம் இல்லாததால் வந்தது என்று இனி ஒருபோதும் சொல்லமாட்டோம்.

புனே ஆய்வில் இன்னும் இரண்டு காரியங்கள் தெரிந்தன. இரண்டும் போடிக்காகவே சொன்னதுபோல இருக்கின்றன. ஒன்று, தாய்மார் எவ்வளவு சோறு தின்றார்கள் என்பதைவிடக் கீரை, பழம், பால் எத்தனை முறை தின்றார்கள் என்பதே பிள்ளையின் வளர்த்தியோடு ஒத்துப்போனது. மற்றொன்று, கர்ப்பகாலத்தில் கடின உடலுழைப்பு செய்த தாய்மாரின் பிள்ளைகள் சிறுத்துப் பிறந்தார்கள்.

விடியுமுன் போடியின் தெருக்களில் நின்று பாருங்கள். பெண்கள் தூக்குவாளியோடு ஜீப்புக்குக் காத்திருப்பார்கள். ஒரு டீயும் வடையும், சில நாள் வெறும் டீ மட்டும். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். களை எடுப்பு, கவாத்து, உரம் சுமப்பு, காய் எடுப்பு. குனிந்தே நாள் முழுவதும் வேலை. தூக்குவாளியில் இருப்பது பெரும்பாலும் சோறும் ஊறுகாயும். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிடும். வந்து பொங்கி, எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் தான் உட்காருவாள். கர்ப்பிணியும் பல மாதங்கள் வரை இதே ஜீப்பில்தான் போகிறாள். வயிற்றில் பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டமாகும் என்று கடைசி மாதங்களில் சோற்றைக் குறைக்கச் சொல்லும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பயந்துதான் சொல்லுகிறார்கள், பாவம். ஆனால் பிள்ளை எடை போடும் மாதங்கள் அவைதான்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இருக்கிறது, ஊட்டச்சத்துப் பெட்டகம் இருக்கிறது, அங்கன்வாடியில் சத்துமாவு இருக்கிறது. ஆனால் அங்கன்வாடி திறப்பதற்கு முன்பே மலையேறி, அது பூட்டிய பின்பு இறங்குகிறவளுக்கு அது எப்படிக் கைக்கு எட்டும்? வீடு தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில் என்று இருக்கிறவளை யார் தேடிப் போவது?

பிறந்த பின்பு கொடுக்கிற உணவும் இந்தக் கணக்கில் சேரும். டெல்லியில் 1969 முதல் 1972 வரை பிறந்தவர்களைக் குழந்தைப் பருவம் முதல் எடை பார்த்து வந்தார்கள். 26 முதல் 32 வயதில் அவர்களில் 1492 பேரைச் சோதித்தபோது, சர்க்கரை நோயோ அதன் முன்நிலையோ இருந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு வயது வரை மெலிந்திருந்து, பிறகு வேகமாய் எடை ஏறியவர்கள் என்று தெரிந்தது. பன்னிரண்டு வயதில்கூட அவர்களை யாரும் குண்டு என்று சொல்லியிருக்கமாட்டார்கள். 2004-ல் இது வெளிவந்தது. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் அந்த ஆண்டுகளில் பிறந்தவர்களை இப்படித் தொடர்ந்து பார்த்துவருகிறது. மெலிந்த பிள்ளையைப் பார்த்து, கொழுகொழுவென்று ஆக்கிவிட வேண்டும் என்று பிஸ்கட்டும் சீனிப்பாலும் மிட்டாயும் கொடுக்கிறோமே, அது பிள்ளைக்குத் தசையைக் கொடுப்பதில்லை, கொழுப்பைக் கொடுக்கிறது.

நம் பகுதியில் வயதானவர்களைக் கேட்டால் கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, சோளச்சோறு, மொச்சைக் குழம்பு, வேலியோரத்து முருங்கைக்கீரை என்று சொல்லுவார்கள். அது வறுமையின் உணவு என்று நினைத்தோம். இப்போது மூன்று வேளையும் அரிசி, மாலையில் பரோட்டா, நாளுக்கு ஐந்தாறு முறை சீனி போட்ட டீ. பழைய உணவில் அளவு குறைவு, ஆனால் சத்து பலவிதம். புதிய உணவில் வயிறு நிரம்புகிறது, சத்து குறைகிறது. வயிற்றில் பசியோடு கட்டப்பட்ட உடம்புக்கு இந்த மாற்றம் இரட்டைச் சுமை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023-ல் சொன்ன கணக்கு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்பது. அவர்கள் எல்லோரும் வாயைக் கட்டாதவர்களா?

சீனியைப் பற்றித் தனியாய் ஒரு வார்த்தை. யுத்தகாலத்தில் இங்கிலாந்தில் சீனிக்கு ரேஷன் வைத்தார்கள். யுத்தம் முடிந்தும் 1953 செப்டம்பர் வரை அது நீடித்தது. ரேஷனை எடுத்தவுடன் ஜனங்கள் தின்ற சீனி ஏறத்தாழ இரண்டு மடங்கானது. ரேஷன் காலத்தில் கருவாகி, குழந்தைப் பருவத்தின் தொடக்கத்தையும் அதிலே கழித்தவர்களை, ரேஷன் நின்ற பிறகு கருவானவர்களோடு ஒப்பிட்டு 2024-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சீனி குறைவாய்ப் பெற்றவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதமும், இரத்தக் கொதிப்பு சுமார் 20 சதவீதமும் குறைந்திருந்தது. வந்தவர்களுக்கும் சர்க்கரை நோய் நான்கு ஆண்டுகள் தாமதமாய் வந்தது. அந்த நன்மையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாயின் வயிற்றில் இருந்த காலத்திலேயே கிடைத்துவிட்டது.

நாமோ பிள்ளை பிறந்தவுடன் என்ன செய்கிறோம்? சேனை வைக்கிறோம். குணமுள்ள பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு, சீனித் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைக்கச் சொல்லுகிறோம். போதகர் என்பதால் எங்களையே பல வீடுகளில் கூப்பிட்டிருக்கிறார்கள், நாங்களும் வைத்திருக்கிறோம். இப்போது வைப்பதில்லை. பிள்ளையின் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, முதல் ருசி தாய்ப்பாலாகவே இருக்கட்டும் என்று பாட்டிமாரிடம் மன்றாடுகிறோம்.

தாய்க்கே கர்ப்பகாலத்தில் சர்க்கரை ஏறினாலும் பிள்ளை பாதிக்கப்படும். மைசூர் மருத்துவமனையில் 1997-98-ல் கர்ப்பிணிகளாயிருந்த தாய்மாரின் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். அப்படிச் சர்க்கரை இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஒன்பது, பத்து வயதிலேயே உடம்பில் கொழுப்பு அதிகம். இன்சுலினும் சரியாய் வேலை செய்யவில்லை. பசியும் ஒரு வாசல், சீனியும் ஒரு வாசல். நோய் இரண்டின் வழியாகவும் நுழைகிறது. இதனால்தான் சென்னை டாக்டர் வி. சேஷையா போன்றோர் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைச் சோதனை வேண்டும் என்று பாடுபட்டார்கள். 2007-ல் தமிழ்நாடு அரசு அதை எல்லோருக்கும் செய்ய உத்தரவிட்டது. 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை இரத்தம் எடுத்தால் போதும். கூலி வேலைக்காரிக்கு அந்த இரண்டு மணி நேரம் ஒரு நாள் சம்பளம். அதையும் நாம் நினைக்க வேண்டும்.

அன்பானவர்களே, இவ்வளவையும் கேட்டபின் நாம் விழக்கூடிய ஒரு குழி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தாய்தான் காரணம் என்று சொல்லிவிடுவதே அது. பிதாக்கள் புளித்த திராட்சையைத் தின்றதால் பிள்ளைகளின் பல் கூசியது என்ற பழமொழி இஸ்ரவேலில் வழங்கியதையும், இனி அதைச் சொல்லக்கூடாது என்று எசேக்கியேல் மூலம் கர்த்தர் தடுத்ததையும் நீங்கள் அறிவீர்கள். தாய் புளித்ததைத் தின்றாள் என்று யாரும் குற்றம் சாட்ட வேண்டாம். அவளுக்குத் தின்னக் கிடைத்ததே அவ்வளவுதான். அவள் தட்டில் கீரையும் முட்டையும் இல்லாமல் போனதற்குக் கூலியைக் குறைத்தவர் ஒரு காரணம். பெண் கடைசியில் சாப்பிட்டால் போதும் என்று பழக்கிய குடும்பம் ஒரு காரணம். ஞாயிறுதோறும் அவளைச் சபையில் பார்த்தும் சாப்பிட்டாயா என்று கேட்காத நாங்களும் ஒரு காரணம்.

நியாயாதிபதிகள் புத்தகத்தில் மனோவாவின் மனைவியை நினைத்துப் பாருங்கள். அவள் இன்னும் கர்ப்பந்தரிக்கவில்லை. அதற்கு முன்பே தேவதூதன் வந்து, அவள் எதைக் குடிக்கலாகாது, எதைப் புசிக்கலாகாது என்று சொல்லுகிறான். பிறக்கப்போகும் சிம்சோனைப் பற்றிய ஆலோசனை தாயின் உணவிலிருந்து தொடங்குகிறது. மனோவா என்ன செய்தான்? இது பெண்கள் விஷயம் என்று விலகிப் போகவில்லை. பிள்ளையை எப்படி வளர்க்க வேண்டும் என்று எங்களுக்கும் கற்றுத்தர அந்தத் தூதன் மறுபடி வரட்டும் என்று ஜெபித்தான். கர்ப்பிணிகள் கூட்டத்துக்குக் கணவன்மாரும் வர வேண்டும் என்று எங்கள் நர்சுகள் ஏன் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

கருவுறுவதற்கு முன்பே தொடங்க வேண்டும் என்பதற்கு மருத்துவச் சான்றும் இருக்கிறது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் 2006 முதல் 2012 வரை, கீரை, பழம், பால் சேர்த்துச் செய்த சிற்றுண்டியைப் பெண்களுக்குத் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். கருவுறுவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பிருந்தே தின்றவர்களின் பிள்ளைகளுக்கு எடை சராசரியாக 48 கிராம் கூடியது. அது சிறிய அளவுதான், உண்மையை மறைக்கவில்லை. ஆனால் கர்ப்பகாலச் சர்க்கரை, மற்றச் சிற்றுண்டி தின்ற பெண்களில் நூற்றுக்கு 12.4 ஆக இருக்க, இவர்களில் 7.3 ஆகக் குறைந்தது. ஒரு கைப்பிடிச் சிற்றுண்டி செய்த வேலை அது.

இன்னொன்றும் கேளுங்கள். ஒரு பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே, பிற்காலத்தில் அவள் பெறப்போகும் பிள்ளைகளுக்கான கருமுட்டைகள் அவளுக்குள் உண்டாகிவிடுகின்றன. அப்படியானால் ஒரு கர்ப்பிணிக்கு நாம் ஒரு பிடி சோறு இடும்போது, பாட்டி, மகள், பேரப்பிள்ளை ஆகிய மூன்று தலைமுறையும் ஒரே தட்டில் சாப்பிடுகிறது. தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடத்திலும் தாய் ஐனிக்கேயாளிடத்திலும் முன்பே இருந்தது என்று பவுல் எழுதுகிறார். உடம்பின் நலமும் அப்படியே இறங்கி வருகிறது.

செடியிலிருந்து பறித்த காய் அதன்பின் பெருக்காது. மனிதன் அப்படி அல்ல. சிறுத்துப் பிறந்தவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வந்தவர்களும் சாப்பாட்டை மாற்றி, மருந்தை ஒழுங்காக எடுத்து, நன்றாக வாழலாம். நாங்கள் முதலில் சொன்ன சகோதரி காலை இழக்கவில்லை. புண் ஆறிற்று. வீட்டுக்குப் போகும் நாளில் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். உங்கள்மேல் குற்றம் இல்லை அம்மா, நீங்கள் பிறக்குமுன்னே உங்களுக்கு வர வேண்டியது வராமல் போயிருக்கலாம் என்று, இப்போது உங்களுக்குச் சொன்னதையே அவருக்குச் சுருக்கமாகச் சொன்னோம். சற்று யோசித்துவிட்டு அவர் சொன்னார்:

"அப்ப எம்மகளுக்கு இப்பவே பாக்கணுமில்ல அய்யா? அவளுக்குக் கல்யாணமாகி ரெண்டு மாசந்தான் ஆகுது. அவளும் அதே ஜீப்புலதான் வர்றா."

உங்களிடம் நாங்கள் கேட்பது அந்த மகளுக்காகத்தான். நாங்கள் தொடங்க விரும்புகிறவை இவை. ஜீப் ஏறும் இடத்திலேயே விடியற்காலையில் கர்ப்பிணிகளுக்கும் புதிதாய் மணமான பெண்களுக்கும் ஒரு கிண்ணம் கேழ்வரகு அல்லது கம்பங்கஞ்சியும் அவித்த முட்டையும். வளர்ந்துவரும் பெண்பிள்ளைகளுக்கு வாரத்தில் பல நாள் கீரையும் பயறும் நிலக்கடலையும். சர்க்கரைச் சோதனைக்கு வரும் நாளில் கர்ப்பிணி இழக்கும் கூலிக்கு ஈடு. பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையின் எடையையும் நீளத்தையும் எழுதிவைத்து, பள்ளிக்கூடம் போகும் வரை தொடர்ந்து பார்க்க ஒரு சகோதரி. மைசூரின் நர்சுகள் எழுதியதுபோல, யாருக்கு உதவும் என்று தெரியாமலே நாமும் எழுதிவைப்போம்.

இன்னுமொரு வேண்டுகோள், தயவுசெய்து கோபித்துக்கொள்ள வேண்டாம். அறுப்பின் பண்டிகைக்குப் பின் உங்கள் சபைகளிலிருந்து நோயாளிகளுக்கென்று அன்போடு சீனியும் பிஸ்கட்டும் பன்னும் வந்து சேர்கின்றன. எத்தனையோ ஆண்டுகள் நன்றியோடு வாங்கி விநியோகம் செய்திருக்கிறோம். இனி அவற்றுக்குப் பதிலாகக் கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, மொச்சை, நிலக்கடலை, முட்டை கொடுங்கள். தோட்டம் உள்ளவர்கள் முருங்கைக்கீரை கொண்டுவாருங்கள். ஏலத்தில் விட்டுப் பணமாக்கவும் வேண்டாம், அப்படியே தாருங்கள். எங்கள் சமையலறை அதைத் தாய்மாரின் தட்டுக்குக் கொண்டுபோகும்.

இந்த ஆண்டு உங்கள் காணிக்கையால் எழுந்தது என்று பெயர்ப் பலகை மாட்ட எங்களிடம் கட்டடம் இருக்காது. பலனை நம்மில் பலர் பார்க்கவும் மாட்டோம். இன்று கருவில் இருக்கிற பிள்ளைக்கு ஐம்பது வயதாகும்போது நாங்கள் இருக்கமாட்டோம். அன்று அவருக்குக் காலில் ஆறாத புண் இராது, மூச்சு வாங்காமல் போடிமெட்டு ஏறுவார் என்ற நம்பிக்கையோடு விதைக்கிறோம்.

ஜெபிப்போமாக. எங்களை எங்கள் தாயின் கர்ப்பத்தில் உருவாக்கின பரம பிதாவே, விடியுமுன் மலையேறுகிற உம்முடைய பிள்ளைகளை நினைத்தருளும். அவர்கள் சுமக்கிற பிள்ளைகளை நினைத்தருளும். பசித்தவர்கள்மேல் நாங்கள் பேசின கடின வார்த்தைகளை மன்னியும். எங்கள் கைகளில் இருப்பதை அவர்கள் தட்டில் வைக்க எங்களுக்கு மனம் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.